விடுவதும் இழப்பதும் ஒன்றல்ல

"குறைந்த பொருட்களோடு வாழுங்கள்" என்று சொல்லும் வீடியோக்கள் உங்கள் போனிலும் வந்துகொண்டிருக்கும். வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு செடி. அதைப் பார்த்துவிட்டு அம்மா அப்பாவின் பேஸ்மென்ற்றுக்குள் போனால் எரிச்சல்தான் வரும். பழைய சூட்கேஸ்கள், கழுவி அடுக்கிய ஐஸ்கிரீம் டப்பாக்கள், ஒருநாளும் வெளியே எடுக்காத பீங்கான் கோப்பைகள். "இதெல்லாம் எறியுங்கோ அம்மா" என்று சொல்லாத பிள்ளைகள் நம்மில் குறைவு.

சொல்வதற்கு முதல் ஒன்றை நினைத்துப் பாருங்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்துச் சனம் வீட்டைப் பூட்டிவிட்டுத் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. தூக்க முடிந்தது மட்டும்தான் கையில். அதற்குப் பெயர் விடுதல் அல்ல, இழத்தல். அப்படி இழந்த ஒருவர் வெறும் டப்பாவைக்கூடப் பத்திரப்படுத்தினால், அதைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

இயேசு கேட்டது வேறு. அவருக்குப் பின்னால் போன மீனவர்கள் வலையைத் தாங்களாகவே விட்டார்கள், யாரும் பறிக்கவில்லை. லூக்கா சுவிசேஷம் 12ஆம் அதிகாரத்தில் ஒரு பணக்காரன் வருகிறான். விளைச்சல் பெருகியதும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட யோசிக்கிறான். அந்தத் திட்டத்தில் அவனைத் தவிர வேறு ஒரு மனிதரும் இல்லை. 19ஆம் அதிகாரத்தில் வரி வசூலித்த சகேயு, ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகச் சொல்கிறான். அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்புவதாகவும் சொல்கிறான். சகேயு வீட்டைத் துப்புரவாக்கவில்லை. அவனிடம் இருந்தது இன்னொருவர் கைக்குப் போகிறது. வீடியோக்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான்: பொருள் குறைந்ததா என்பதல்ல, யாரிடம் போனது என்பதே கேள்வி.

மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி, பிரசங்கம் ஒன்றில் ஒக்ஸ்போர்ட் இளைஞன் ஒருவனின் கணக்கைச் சொல்கிறார். வருட வருமானம் 30 பவுண்ஸ். 28இல் வாழ்ந்து 2ஐக் கொடுத்தான். அடுத்த வருடம் வருமானம் 60. அப்போதும் 28இல் வாழ்ந்து 32ஐக் கொடுத்தான். மூன்றாம் வருடம் 90, கொடுத்தது 62. அந்த இளைஞன் வெஸ்லியேதான் என்பது பலரின் எண்ணம்.

நான் ஐ.டி. கன்சல்டன்ட். என் துறையில் ஒவ்வொரு புதிய கொன்ட்ராக்ட்டோடும் சம்பளம் கூடும். கூடிய மாதமே காரும் போனும் வாடகையும் சேர்ந்து கூடும். யாரும் தீர்மானிக்காமலே அது நடந்துவிடும். எதையும் பறிகொடுக்காமல் வளர்ந்த நமக்கு, விடுதல் என்ற பேச்சு பொருந்துவது இங்கேதான். அதை அம்மாவின் பேஸ்மென்ற்றில் தொடங்க வேண்டாம். அங்கே போய் அந்தக் கோப்பைகளின் கதையைக் கேளுங்கள்.

விடுதலைத் தொடங்க வேண்டியது நமது பேஸ்லிப்பில். அடுத்த சம்பள உயர்வு வருமுன்பே உங்களுடைய 28 எது என்று எழுதி வையுங்கள். அதற்கு மேல் வருவது யாருக்கு என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள். பணம் வந்த பிறகு யோசித்தால், களஞ்சியத்தைப் பெரிதாக்கும் ஆசைதான் முதலில் வரும்.