கண் குடிக்கும் பீர்

ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 2016-ல் நடந்த அறிவியல் திருவிழாவுக்கு வந்தவர்களில் 151 பேருக்கு பீர் வழங்கினார்கள். உபசாரத்துக்குப் பின்னால் ஒரு சோதனை இருந்தது. எல்லோருக்கும் பிளாஸ்டிக் கப்தான். சிலருக்கு பாட்டிலிலிருந்தும் மற்றவர்களுக்கு டின்னிலிருந்தும் ஊற்றினார்கள். குடிக்கும் முன் பாட்டிலையோ டின்னையோ கையில் எடுத்து லேபிளைப் பார்க்கச் சொன்னார்கள். ருசிக்கு மதிப்பெண் போட்டபோது பாட்டில் கோஷ்டி தாராளமாகப் போட்டது. டின் கோஷ்டி கையை இறுக்கிக்கொண்டது.

வேடிக்கை என்னவென்றால் இரண்டும் ஒரே பீர். உள்ளூர் சிற்றாலை ஒன்றில் ஒரே தடவையில் தயாரானது. பிறகு வேறு 29 பேருக்கு, எது எதிலிருந்து வந்தது என்று சொல்லாமல் இரண்டையும் கொடுத்தார்கள். இம்முறை எந்தப் பக்கமும் ஓட்டு சாயவில்லை. ஆக, முதல் மடக்கைக் குடித்தது நாக்கு அல்ல, கண்.

சிற்றாலைகளில் தயாராகும் 'கிராஃப்ட்' பீருக்கு இது ஜீவாதாரமான விஷயம். பெரிய கம்பெனிகளைப் போல விளம்பரத்தில் பணத்தைக் கொட்ட அவற்றால் முடியாது. கடை அலமாரியில் வாங்குபவரைக் கை நீட்ட வைக்க வேண்டியது லேபிள்தான். ஆனால் கண்ணின் தீர்ப்பு பல சமயம் தப்பு. பீருக்குக் கசப்பையும் வாசனையையும் தரும் ஹாப்ஸ் பூவுக்கு வெளிச்சம் பரம விரோதி. வெயில் பட்டால் பீரில் துர்நாற்றம் வீசும். பழுப்புக் கண்ணாடி வெளிச்சத்தைப் பெருமளவு தடுக்கும். பார்வைக்கு உசத்தியாகத் தெரியும் பச்சை பாட்டில் கொஞ்சம்தான் தடுக்கும். முழுசாகத் தடுப்பது எடின்பரோவில் மட்டமாக மதிப்பெண் வாங்கிய அந்த டின்தான். உலோக வாடை அடிக்குமே என்பவர்களுக்கு: டின்னின் உட்புறம் பூச்சு உண்டு; பீர் உலோகத்தைத் தொடுவதில்லை. அமெரிக்காவின் கொலராடோவில் ஆஸ்கர் புளூஸ் என்ற சிற்றாலை 2002-லேயே துணிந்து டின்னுக்கு மாறியது.

நம் நாட்டில் லேபிளுக்குப் பொறுப்பு இன்னும் அதிகம். டிவியில் மது விளம்பரத்துக்குத் தடை இருப்பதால் பாட்டிலே விளம்பரப் பலகை. 2015-ல் வந்த பீரா 91 இதைப் புரிந்துகொண்டது. குரங்குப் படமும் திருப்பிப் போட்ட 'பி' எழுத்தும் நகரத்து இளைஞர்களைச் சுண்டி இழுத்தன.

ஆனால் அந்த லேபிளை இன்னொருவரும் படிக்கிறார்: மாநிலக் கலால் துறை அதிகாரி. அவர் குரங்கைப் பார்ப்பதில்லை, பொடி எழுத்துகளைப் பார்க்கிறார். மது மாநிலங்களின் அதிகாரத்தில் வருவதால் லேபிளை மாநிலத்துக்கு மாநிலம் பதிவு செய்ய வேண்டும். பீராவின் கம்பெனி தன் பெயரிலிருந்து 'பிரைவேட்' என்ற ஒரே வார்த்தையை நீக்கியது. உடனே லேபிள்களை மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று. விற்பனை மாதக்கணக்கில் முடங்கியது. பீர் அதேதான், குரங்கும் அதேதான். 2023-24 கணக்கில் பெரும் நஷ்டம்.

அதிகாரியின் பழக்கத்தில் பாதியாவது வாங்குபவருக்கு வந்தால் நல்லது. 2019 முதல் லேபிளில் கட்டாயமான உடல்நல எச்சரிக்கை அந்தப் பொடி எழுத்துகளில்தான் இருக்கிறது. சாராய அளவும் தயாரித்த தேதியும் அங்கேதான். ஹாப்ஸ் தூக்கலான பீரின் மணம் சில மாதங்களில் மங்கிவிடும். நம் ஊர் கோடையில், குளிரூட்டாத கிடங்கில் இன்னும் சீக்கிரம். பழசாகிப்போன பீரை எந்த ஓவியராலும் புதுசாக்க முடியாது. ஆனாலும் அதற்கு நாம் கொடுப்பது கிராஃப்ட் பீர் விலை.

படத்தை ரசிப்பதில் தப்பில்லை. பணத்தை எடுக்கும் முன் பாட்டிலை ஒரு தடவை திருப்பித் தேதியைப் பாருங்கள்.