கட்டிக்குள் நிற்கும் காவலர்கள்

பினாங்கில் உயிரியல் பயிலும் மாணவி நான். பெருங்குடல் புற்றுநோய் எவ்வளவு பரவியுள்ளது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைச் சொல்லும் என்று எண்ணியிருந்தேன். 2006இல் பாரிஸ் ஆய்வாளர் ஜெரோம் கலோன் குழுவினர், கட்டியின் நடுவிலும் விளிம்பிலும் உள்ள நோய் எதிர்ப்பு டி செல்களை எண்ணிப் பார்த்தனர். அவை அடர்ந்திருந்தால் நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. 2018இல் இந்தியா உட்பட 13 நாடுகளில் நடந்த ஆய்வு இதை உறுதிப்படுத்தியது.

ஆனால், கட்டியை அறுத்தெடுத்த பிறகே இந்தக் கணக்கு. மலேசியாவில் பெரும்பாலோர் நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் வருகிறார்கள். 50 வயதைக் கடந்தோருக்கு, மலத்தில் மறைந்துள்ள இரத்தத்தைக் கண்டறியும் சோதனை அரசாங்கக் கிளினிக்குகளில் உண்டு. மலம் பற்றிப் பேச நம் வீடுகளில் கூச்சம். நானும் கூச்சத்தோடுதான் அப்பாவிடம் சொன்னேன், போய் வந்தார். மாணவர்களே, படித்ததை முதலில் வீட்டில் பேசுவோம்.