கணினியில் உண்டு, கைப்பேசியில் இல்லை!

அம்பாங்கிலிருந்து ஒரு தாயார் எழுதுகிறார்: "என் மகள் பள்ளிக் கணினியில், குரோமில் ஒரு நீட்சியைப் போட்டுத் தமிழில் தட்டெழுதுகிறாள். வீட்டுக் கைப்பேசியிலும் அதே குரோம், அதே கணக்கு. ஆனால் நீட்சியைக் காணோம். கடைக்காரர் 'போன் பழசு, புதுசு வாங்குங்கள்' என்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?"

வேண்டாம், அம்மா! பணத்தை முடிந்து வையுங்கள். புதுப் போனிலும் அது வராது.

நீட்சி, அதாவது எக்ஸ்டென்ஷன் என்கிறார்களே, அது உலாவியோடு ஒட்டிக்கொண்டு வேலை செய்யும் சிறு நிரல். கணினிக் குரோமில் 2010 முதல் அதற்கு இடமுண்டு. 2012-இல் ஆண்ட்ராய்டுக்கு வந்த குரோமும் இதுவும் பெயரளவில்தான் அண்ணன் தம்பி. ஒரே கணக்கில் நுழைந்தால் கடவுச்சொற்கள் கூடவே வரும்; நீட்சி வராது. அதனால்தான் போன் கெட்டுவிட்டதோ என்ற மயக்கம்.

காரணம் என்ன? கணினிக்குச் சுவரிலிருந்து மின்சாரம். கைப்பேசிக்கோ சிறு பேட்டரி. ஆகவே கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் நிரல்களைக் கைப்பேசி உறங்க வைத்துவிடும். நீட்சிகள் பலவும் விழித்திருக்க வேண்டியவை. பொத்தான்களை வரிசையாக வைக்கத் திரையிலும் இடமில்லை.

இவை மட்டுமே காரணம் என்றால் நான் நம்பமாட்டேன். அதே ஆண்ட்ராய்டில் ஃபயர்பாக்ஸ் உலாவி 2023 டிசம்பரில் நூற்றுக்கணக்கான நீட்சிகளுக்குக் கதவைத் திறந்துவிட்டதே! விளம்பர வருமானத்தில் வாழும் கூகுள், விளம்பரத்தை மறைக்கும் நீட்சிகளைக் கைப்பேசிக்குள் விட அவசரப்படுமா? இது என் ஊகம்தான்.

ஐபோனில் சஃபாரிக்கு 2021 முதல் நீட்சி உண்டு. அதுவும் ஆப் ஸ்டோர் வழியாக, ஒரு செயலியோடு சேர்ந்துதான் வரும்.

உங்கள் மகளுக்கோ நீட்சியே தேவையில்லை. கைப்பேசியில் தமிழ் எழுத விசைப்பலகைச் செயலி போதும். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் 2005-லேயே கைப்பேசிக்கு வந்துவிட்டது. அதைப் போட்டுக்கொண்டால் குரோமில் மட்டுமல்ல, வாட்ஸ்அப்பிலும் எழுதலாம்.

இன்னொன்று. சில நீட்சிகள், எல்லா இணையப் பக்கங்களையும் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். வங்கிப் பக்கமும் அதில் அடக்கம். பள்ளிக் கணினியில் உள்ள நீட்சி என்ன அனுமதி வாங்கியிருக்கிறது என்று மகளை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.