கல்யாண வீட்டில் துப்பாக்கி எதற்கு?

வட மாநிலங்களில் கல்யாண காலம் வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு பாண்டு வாத்தியம் முழங்குகிறது. மாப்பிள்ளை குதிரை மீது வருகிறார். சில ஊர்வலங்களில் துப்பாக்கிச் சத்தமும் கேட்கிறது. நம் ஊரில் அதிர்வேட்டுப் போடுவது போல, இங்கே சிலர் துப்பாக்கியை உயர்த்திச் சுடுகிறார்கள். இதற்கு 'ஹர்ஷ் பயரிங்' என்று பெயர். மகிழ்ச்சிக்காகச் சுடுவது என்று பொருள்.

மகிழ்ச்சி சுடுகிறவருக்கு. குண்டு யார் மீது பாயும் என்பது அவருக்கே தெரியாது.

2016 நவம்பரில் அரியானாவில் கர்னால் நகரில் நடந்த கல்யாணத்தில் மாப்பிள்ளையின் உறவினரான பெண்மணி ஒருவர் பலியானார். அடுத்த மாதமே பஞ்சாபில் பட்டிண்டா மாவட்டத்தில், கல்யாண மேடையில் ஆடிக்கொண்டிருந்த நடனப் பெண் குண்டு பாய்ந்து இறந்தார். இவை போன்ற சம்பவங்களுக்குப் பிறகு எல்லோரும் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "விபத்து."

இது விபத்தா?

2007-ல் உத்தரகாண்டில் மாப்பிள்ளையின் தந்தையே கூரையைப் பார்த்துச் சுட்டார். ரவைகள் சிதறி விருந்தாளிகள் மீது பாய்ந்தன. இருவர் இறந்தனர். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை சென்றது. இது வேண்டுமென்றே செய்த கொலை அல்ல என்று 2020 மார்ச்சில் கோர்ட்டு கூறியது. ஆனால் கூட்டமான இடத்துக்கு ரவை நிரப்பிய துப்பாக்கியைக் கொண்டு வந்தவர், விளைவுக்குப் பொறுப்பில்லை என்று தப்ப முடியாது என்றும் கூறித் தண்டனை விதித்தது.

வானத்தைப் பார்த்துச் சுட்டால் ஆபத்தில்லை என்று நினைப்பதும் தவறு. மேலே போன குண்டு கீழே வந்தே தீரும். விழும்போதும் மண்டையைத் துளைக்கும் வேகம் அதற்கு உண்டு. சாய்வாகச் சுட்டால் வேகம் இன்னும் அதிகம். குடிபோதை, கைக்குக் கை மாறும் துப்பாக்கி, குதிரையை வெடிக்கு முன்பே தொட்டுக்கொண்டிருக்கும் விரல், வெடிக்கவில்லையே என்று குழலைத் திருப்பிப் பார்க்கும் அசட்டுத்தனம் ஆகியவை மற்ற காரணங்கள்.

அடிபடுகிறவர்களில் பிழைப்புக்காக வந்தவர்களும் உண்டு. பாண்டு வாசிப்பவரும், தலையில் விளக்குச் சுமப்பவரும், பந்தி பரிமாறுகிறவரும் "துப்பாக்கியை உள்ளே வையுங்கள்" என்று சொல்லும் நிலையில் இல்லை. சொல்லக்கூடியவர் கல்யாண வீட்டுக்காரர் ஒருவரே.

சட்டம் என்ன சொல்கிறது?

2019-ல் ஆயுதச் சட்டம் திருத்தப்பட்டது. கல்யாணம், பொதுக்கூட்டம், வழிபாட்டு இடம் முதலியவற்றில் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாகும்படி சுட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். யாருக்கும் காயம் படாவிட்டாலும் இது குற்றமே. லைசென்சு இருக்கிறது என்பது சாக்கு ஆகாது. ஆனால் விருந்துக்குப் போனவர் விருந்து வைத்தவர் மீது புகார் கொடுக்கத் தயங்குகிறார். சட்டம் அங்கேதான் தோற்கிறது.

காயம் பட்டால்...

சுத்தமான துணியைக் காயத்தில் வைத்து இரு கைகளாலும் அழுத்த வேண்டும். ரத்தம் நின்றதா என்று அடிக்கடி எடுத்துப் பார்க்கக் கூடாது. துணி நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி வைக்கலாம். மஞ்சளோ காப்பித்தூளோ அப்பக் கூடாது. குண்டைத் தோண்டி எடுக்க முயலக் கூடாது. குடிக்கத் தண்ணீர் தரக் கூடாது, ஆபரேஷன் தேவைப்படலாம். வெளியே சிறு துளைதான் தெரியும், உள்ளே ஈரலோ பெரிய ரத்தக் குழாயோ கிழிந்திருக்கலாம். ஆகவே "லேசான காயம்" என்று வீட்டில் படுக்க வைப்பது ஆபத்து. உடனே 112-க்குத் தகவல் சொல்லி, ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"இது போலீஸ் கேஸ், முதலில் எப்.ஐ.ஆர். கொண்டு வா" என்று ஆஸ்பத்திரியில் யாராவது சொன்னால் பயந்து திரும்ப வேண்டாம். உயிரைக் காப்பதே டாக்டரின் முதல் கடமை, போலீஸ் நடைமுறைக்காகச் சிகிச்சை காத்திருக்கக் கூடாது என்று 1989-லேயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. சர்க்கார் ஆஸ்பத்திரி, தனியார் ஆஸ்பத்திரி இரண்டுக்கும் இது பொருந்தும்.

நாம் செய்யக்கூடியது

ஆபீஸ் நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று இந்த ஊர்க் கல்யாணங்களுக்கு நாமும் குடும்பத்தோடு போகிறோம். யாராவது துப்பாக்கியை எடுத்தால் வேடிக்கை பார்க்கக் குழந்தையைத் தோளில் தூக்காதீர்கள். பால்கனியில் நிற்காதீர்கள். வீட்டுப் பெரியவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கேட்கவில்லையா? மொய் எழுதிவிட்டுக் கிளம்புங்கள். வெளியே வந்து 112-ஐக் கூப்பிடுங்கள். மரியாதைக் குறைவு என்று கூச வேண்டியதில்லை.

முன்பணம் வாங்கும்போதே "துப்பாக்கி கொண்டு வரக் கூடாது" என்று மண்டபக்காரர் எழுதி வாங்க வேண்டும். கல்யாணத்தை ஊருக்கு அறிவிக்க மேளச் சத்தம் போதும்.