பேங்க் லாக்கரில் வைத்த நகை திருடு போனால் எவ்வளவு கிடைக்கும்? வாடகை ரசீதை எடுத்துப் பாருங்கள்

2024 அக்டோபரில் கர்நாடகாவின் தாவணகெரே மாவட்டம் நியாமதியில் ஒரு எஸ்பிஐ கிளையிலிருந்து 17.7 கிலோ தங்க நகை திருடு போனது. சில மாதங்கள் கழித்து, அதில் பெரும்பகுதியை மதுரை மாவட்டம் உசிலம்பட்டிப் பகுதியில் ஒரு கிணற்றிலிருந்து போலீஸ் மீட்டது. அதே 2024 டிசம்பரில், லக்னோவின் சின்ஹட் பகுதியில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக் கிளையின் சுவரில் ஓட்டை போட்டு நுழைந்தவர்கள் 42 லாக்கர்களை உடைத்தார்கள்.

இரண்டு செய்தியிலும் உள்ள எண்களைக் கவனித்தீர்களா? முதலாவதில் கிலோ கணக்கு இருக்கிறது. இரண்டாவதில் லாக்கர் எண்ணிக்கை மட்டும்தான்.

காரணம் எளிது. நியாமதியில் போனது கடனுக்கு அடகு வைத்த நகை. ஒவ்வொன்றையும் எடை போட்டு, தரம் பார்த்து, வங்கி தன் கணக்கில் எழுதி வைத்திருந்தது. லாக்கர் விஷயத்தில் நீங்கள் என்ன வைக்கிறீர்கள் என்று வங்கி கேட்பதும் இல்லை, எழுதுவதும் இல்லை. ஆக, அடகு வைத்த நகைக்கு வங்கியிடம் கணக்கு உண்டு. 'பத்திரமா இருக்கட்டும்' என்று லாக்கரில் வைத்த நகைக்குக் கிடையாது!

சரி, லாக்கர் உடைந்தால் வங்கி என்ன தரும்?

நீண்ட காலம் வரை பதில், 'ஒன்றுமில்லை' என்பதுதான். வீட்டு ஓனர், வாடகைதாரர் மாதிரியான உறவுதான் இது, உள்ளே இருப்பதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று 2017-ல் ஒரு ஆர்டிஐ மனுவுக்குப் பொதுத்துறை வங்கிகள் பதில் சொல்லின. அதே ஆண்டு நவம்பரில் நவி மும்பையின் ஜுய்நகரில், பக்கத்துக் கடையிலிருந்து சுரங்கம் தோண்டி வந்து பேங்க் ஆஃப் பரோடா கிளையின் 30 லாக்கர்களைக் காலி செய்தார்கள்.

நிலைமையை மாற்றியது உச்ச நீதிமன்றம். வாடிக்கையாளருக்குத் தெரிவிக்காமலே லாக்கரை உடைத்த யுனைடெட் பேங்க் ஆஃப் இந்தியாவுக்கு எதிரான வழக்கு அது. ஏழு நகை வைத்திருந்ததாகச் சொன்னவருக்கு இரண்டுதான் திரும்பக் கிடைத்தது. 2021 பிப்ரவரியில் வந்த தீர்ப்பு, வங்கிகள் இப்படிக் கையை விரிக்க முடியாது என்றது. 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ஆறு மாதத்தில் விதிகள் வகுக்கும்படி ரிசர்வ் வங்கிக்கும் உத்தரவிட்டது. ஆனால் லாக்கருக்குள் உண்மையில் என்னவெல்லாம் இருந்தது என்ற கேள்விக்கு சிவில் கோர்ட்டுக்குத்தான் போகச் சொன்னது.

2021 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி விதிகளின் மையம் ஒரே ஒரு வாக்கியம். தீ, திருட்டு, கொள்ளை, கட்டடம் இடிவது, வங்கி ஊழியரின் மோசடி இவற்றால் பொருள் போனால், வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல 100 மடங்கு.

நூறு மடங்கு என்றால் பெரிதாகத் தெரிகிறது இல்லையா? கணக்குப் போடுவோம். உங்கள் லாக்கர் வாடகை ஆண்டுக்கு 3,000 ரூபாய் என்று வையுங்கள். 100 மடங்கு என்றால் 3 லட்சம். விதி வந்த சமயத்தில் சவரன் ஏறத்தாழ 35,000 ரூபாய். எட்டரை சவரனுக்கு அந்தப் பணம் ஈடாகும். இப்போது கிராம் 10,000 ரூபாய் என்று எளிதாக வைத்துக்கொண்டாலே சவரன் 80,000. அதே 3 லட்சத்துக்கு நாலு சவரன்கூட வராது. கல்யாண நகை 40 சவரன் உள்ளே இருந்தால் அதன் மதிப்பு 32 லட்சம். கிடைப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. முழுசாக ஈடுகட்ட வேண்டுமென்றால் லாக்கர் வாடகை 32,000 ரூபாயாக இருக்க வேண்டும்!

விலையை உங்கள் ஊர்க் கணக்கில் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் போக்கு மாறாது. தங்கம் ஏற ஏற இந்தப் பாதுகாப்பு சுருங்கிக்கொண்டே போகிறது, ஏனென்றால் வாடகை என்பது இரும்புப் பெட்டியின் விலை, உள்ளே இருப்பதன் விலை இல்லை. சொல்லாத பொருளுக்கு வங்கி எப்படிப் பொறுப்பேற்கும் என்ற வாதத்திலும் நியாயம் இருக்கிறது. அப்படியானால், மதிப்பைச் சொல்லிக் கூடுதல் கட்டணம் கட்ட விரும்புகிறவருக்கு ஒரு வழி இருக்க வேண்டும். விதிகளில் அது இல்லை.

இன்னும் சில ஓட்டைகள். நிலநடுக்கம், வெள்ளம், இடி மின்னல் போன்ற இயற்கைப் பேரிடரில் போனால் வங்கிக்குப் பொறுப்பில்லை. உங்கள் கவனக்குறைவால் போனாலும் இல்லை. ரொக்கம் வைக்கவே கூடாது என்கிறது மாதிரி ஒப்பந்தம். 2023-ல் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்தில் ஒரு பெண் மகளின் கல்யாணத்துக்காக லாக்கரில் வைத்த 18 லட்சம் ரூபாயைக் கரையான் அரித்த செய்தி நினைவிருக்கலாம். டெபாசிட்டுக்கு இருக்கும் 5 லட்சம் ரூபாய் காப்பீடு லாக்கருக்குப் பொருந்தாது.

அப்போ இன்சூரன்ஸ் எடுத்துடலாமா?

எடுக்கலாம், ஆனால் வங்கி கவுன்டரில் இல்லை. லாக்கரில் இருப்பதற்கான காப்பீட்டை வங்கி நேரடியாகவோ மறைமுகமாகவோ விற்கக் கூடாது என்று அதே விதிகள் சொல்கின்றன. யாராவது அப்படி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வீட்டுக் காப்பீட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. 2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிருஹ ரக்ஷா' பாலிசியைத் திருட்டுக்கும் சேர்த்து என்று பலர் நினைக்கிறார்கள். தீ, வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து, அதன் காரணமாக ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே அது பொருந்தும். சாதாரணமாகப் பூட்டை உடைத்துத் திருடினால் அதில் வராது. திருட்டுக் காப்பீடு தனியாகச் சேர்க்க வேண்டும். நகைக்கும் தனியாக உறுதி வாங்குங்கள். 'லாக்கரில் இருக்கும்போதும் உண்டா?' என்பதற்கு ஏஜென்ட் வாயால் சொல்லும் பதில் போதாது, பாலிசியில் எழுத்தில் இருக்க வேண்டும்.

எங்கே போனாலும், காப்பீட்டு நிறுவனமோ கோர்ட்டோ, முதல் கேள்வி ஒன்றுதான்: இருந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? இன்கம் டாக்ஸ் பயத்தில் பலர் பட்டியலே போடுவதில்லை. 1994-ல் வந்த வருமான வரித் துறை அறிவுறுத்தல்படி, சோதனையின்போதுகூட திருமணமான பெண்ணுக்கு 500 கிராம், திருமணமாகாத பெண்ணுக்கு 250, ஆணுக்கு 100 கிராம் வரை நகையைப் பறிமுதல் செய்ய மாட்டார்கள். ஆகவே எழுதி வையுங்கள். எடையோடு பட்டியல், ஒவ்வொரு நகைக்கும் போட்டோ, பில். புது நகை என்றால் ஹால்மார்க்கின் ஆறு இலக்க ஹெச்யுஐடி எண். அம்மா, பாட்டி கொடுத்த நகைக்கு பில் இருக்காது. மதிப்பீட்டாளரிடம் சான்றிதழ் வாங்கலாம். இந்தப் பட்டியலை அதே லாக்கருக்குள் வைத்துவிடாதீர்கள்!

லாக்கர் திறக்கப்பட்டால் அன்றைக்குள் எஸ்எம்எஸ், இமெயில் அனுப்ப வேண்டியது வங்கியின் கடமை. வங்கியிடம் உங்கள் பழைய நம்பர் இருந்தால் அந்த எஸ்எம்எஸ் யாருக்கோ போகும். லாக்கர் அறைக்கு வந்து போவோரின் சிசிடிவி பதிவைக் குறைந்தது 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. புகார் வந்துவிட்டால் விசாரணை முடியும்வரை அழிக்கக் கூடாது. ஆனால் நம்மில் பலர் லாக்கரைத் திறப்பது வருஷத்துக்கு ஒரு தடவை, கல்யாணமோ தீபாவளியோ வந்தால். 181-வது நாளில் போய்ப் பார்த்து 'காணோம்' என்றால், யார் வந்தார்கள் என்று காட்டும் பதிவு அப்போது இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஆறு மாதத்துக்குள் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். எதுவும் குறைந்திருந்தால் அந்த இடத்திலேயே எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையோடு நகலை வாங்கிக்கொண்டு, பிறகு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போங்கள்.