வராத பேட்சுக்குக் காத்திருக்காதீர்கள்!

கொப்பரை மண்டி, டி.டி.பி. சென்டர், டியூஷன் சென்டர் என்று ஆனைமலையில் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கும் இடங்களில் வழக்கமாகச் செய்வது இதுதான். ஒன்றில் கணக்கு ஃபைல்களை வைத்து அந்த ஃபோல்டரை 'ஷேர்' செய்துவிடுவார்கள். மற்றதிலிருந்து திறந்துகொள்ளலாம். வசதிதான். ஆனால் ஷேர் செய்த நிமிடத்திலிருந்து உங்கள் கம்ப்யூட்டர் ஒரு குட்டி சர்வர். இதை விற்பவர்கள் சொல்வதில்லை. விண்டோஸ் இதற்கு எஸ்.எம்.பி. என்ற முறையைப் பயன்படுத்துகிறது. அதன் வாசல், 445-ம் எண் போர்ட்.

2017 மே 12 அன்று வான்னகிரை இந்த வாசல் வழியாகத்தான் உலகம் முழுவதும் பரவியது. நான்கே நாளில் பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகத்தின் சில கம்ப்யூட்டர்களையும் பூட்டிவிட்டது. நம் ஆனைமலை ரோடு ஸ்டேஷன் இருப்பதும் அந்தக் கோட்டத்தில்தான். இத்தனைக்கும் மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-லேயே பேட்ச் கொடுத்திருந்தது. போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

வான்னகிரை பலருக்கும் நினைவிருக்கும். அடுத்து வந்ததைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அந்த ஓட்டையை ஆராய்ந்த ரிஸ்க்சென்ஸ் நிறுவனத்தினர், அதே வாசலில் இன்னொரு கோளாறைக் கண்டுபிடித்து 2017 ஜூலையில் லாஸ் வேகாஸ் டெஃப்கான் மாநாட்டில் விளக்கினார்கள். பெயர் எஸ்.எம்.பி.லோரிஸ். விண்டோஸ் 2000 முதல் அன்றைய விண்டோஸ் 10 வரை எல்லாவற்றிலும் இருந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? கல்யாணப் பந்தியில் ஒருவர் வந்து, "எங்க ஆளுங்க வர்றாங்க, இந்த வரிசைக்கு இலை போடுங்க" என்கிறார். போடுகிறார்கள். யாரும் வரவில்லை. அவரே அடுத்த வரிசைக்கும் சொல்கிறார், அதற்கடுத்ததற்கும் சொல்கிறார். பசியோடு வந்தவர்கள் வெளியே நிற்கிறார்கள். இங்கே இலைக்குப் பதில் ரேம். 'பெரிய தகவல் வருகிறது' என்று ஒரு இணைப்பு சொன்னால் போதும், விண்டோஸ் 128 கேபி வரை ஒதுக்கி வைத்துக் காத்திருக்கும். பாஸ்வேர்டு கூடக் கேட்காது. ஒரே கம்ப்யூட்டரிலிருந்து சுமார் 65,000 இணைப்புகள் போடலாம். கணக்குப் போட்டால் 8 ஜிபி! ஒதுக்கிய இந்த ரேமை ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றவும் முடியாது. கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். தாக்குவதற்கு ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டே போதும்.

மைக்ரோசாஃப்ட் அப்போது என்ன சொன்னது? இது பெரிய ஆபத்தில்லை, பாதுகாப்பு பேட்ச் வெளியிடப் போவதில்லை, இன்டர்நெட்டிலிருந்து அந்த வாசலுக்கு வருவதைத் தடுத்துக்கொள்ளுங்கள் என்றது. எதுவும் திருடு போகவில்லை என்பது அவர்கள் கணக்கு.

எனக்கு இதில் உடன்பாடில்லை. பெரிய கம்பெனிகளில் ஃபயர்வாலும் இருக்கும், அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் இருப்பார். மண்டியில் சர்வரும் பில் போடும் மெஷினும் ஒன்றே. கொப்பரை ஏல நாளில் அது உறைந்து, பவரை அணைத்துப் போட்டால், பாதி எழுதிய கணக்கு ஃபைல் கெட்டுப்போகலாம். திருட்டு இல்லைதான், நஷ்டம் நஷ்டம்தானே? லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் சாம்பா என்ற இலவச சாஃப்ட்வேருக்கும் இந்தப் பிரச்சினை இருந்தது. அங்கே ஒரு நேரத்தில் இத்தனை இணைப்புதான் என்று வரம்பு வைக்க செட்டிங் உண்டு. விண்டோஸ்காரர்களுக்கும் அப்படி ஒன்றைக் கொடுத்திருக்கலாம்.

இன்னொரு விஷயம். பழைய எஸ்.எம்.பி. 1.0-வை நீக்கினால் போதும் என்று பலர் சொல்வார்கள். நீக்குங்கள், நல்லதுதான். வான்னகிரை வகைக்கு அது உதவும். எஸ்.எம்.பி.லோரிஸுக்கு உதவாது. வெளியாள் 445-ஐத் தொடவே முடியாதபடி செய்வதுதான் வழி. ஷேரிங் தேவையில்லாதவர்கள் நெட்வொர்க் செட்டிங்கில் 'பப்ளிக்' என்பதைத் தேர்ந்தெடுத்து, ஃபயர்வாலை ஆன் செய்து வையுங்கள். தேவைப்படுபவர்கள் ரவுட்டருக்குப் பின்னால் மட்டும் ஷேர் செய்யுங்கள். கஸ்டமர் கேட்டார் என்று கடையின் வை-ஃபை பாஸ்வேர்டைக் கொடுக்கிறீர்களே, அவர் அப்போது ரவுட்டருக்கு உள்ளே வந்துவிடுகிறார். உங்கள் ரவுட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருந்தால் அதைத் தனி பாஸ்வேர்டுடன் ஆன் செய்து, வருபவர்களுக்கு அதை மட்டும் கொடுங்கள்.