கொழுப்புறிஞ்சலும் குழூஉக்குறியும்

நன்னூல் கற்பிப்போர் தகுதி வழக்கு மூன்றென வகுப்பறையிற் கூறிவிட்டு நகர்ந்துவிடுவது வழக்கம்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் ‘பறி’ என்பதைக் கடைசியானதற்கு உதாரணங் காட்டுவோம், மாணவர் சிரிப்பர், மணி அடித்துவிடும். வாங்குவோன் அருகில் நிற்க, விற்போருக்கு மட்டும் விளங்கும் சொல்லில் பேசிக்கொள்ளும் இந்த ஏற்பாடு பழைய உரையாசிரியர்களோடு ஒழிந்துவிடவில்லை. இன்று அழகு வைத்திய வியாபாரம் முழுவதும் அதில்தான் நடைபெறுகின்றது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பொற்கொல்லர் தமது சொல்லை ஒளித்து வைத்தனர். இவர்களோ அதனையே விளம்பரமாக்கி, விளங்காத சொல்லுக்கே விலையும் வாங்குகின்றனர்.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் கைத்தொலைபேசி நுழையாத வீடு இன்று அரிது. கொழும்பிலும் சென்னையிலும் இருந்து அதன் வழியே வந்து இறங்கும் பெயர்களைப் பாருங்கள்: ‘வேசர் லிப்போ’, ‘லிப்போ 360’, ‘ஹை டெஃபினிஷன்’, ‘மதிய இடைவேளை லிப்போ’, ‘அம்மா மேக்ஓவர்’. மணப்பெண்ணின் படம் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் போகவேண்டிய வீடுகளில் இவை படிக்கப்படுகின்றன. பிள்ளைப்பேற்றின் பின் வயிறு தளர்ந்த தாய்மாரால் படிக்கப்படுகின்றன. 2009 இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற மண்ணில் கொழுப்பெடுக்கும் விளம்பரமா என்று எள்ளி நகைப்பது எளிது. அந்த நகைப்பில் நாம் சேரமாட்டோம். பட்டினி கிடந்தவள் தன் உடலைப்பற்றி ஆசைப்படலாகாது என விதிக்க எவருக்கும் உரிமை இல்லை. நமது வழக்கு அவளோடன்று. அவளிடம் சொல்லப்படும் சொல்லோடு.

இத்தனை பெயர்களுக்கும் அடியில் கிடக்கும் செயல் என்ன? தோலில் சிறு துளையிட்டு, உலோகக் குழாய் ஒன்றைச் செலுத்தி, முன்னும் பின்னுமாக உழுது, தோலுக்குக் கீழுள்ள கொழுப்பை உறிஞ்சி எடுத்தல். 1920 களில் பிரான்சில் நடனமாது ஒருத்தியின் காலிற் கொழுப்பைச் சுரண்டியெடுக்க முனைந்தார் துயாரியே என்ற சத்திரவைத்தியர். அக்கால் அழுகி, வெட்டியெடுக்கப்பட்டது. 1970 களில் ரோமாபுரியில் ஃபிஷர் என்னும் தந்தையும் மகனும் உறிஞ்சுங் கருவியைப் புகுத்தினர். பாரிசில் இலூஸ் என்பவர் 1977 அளவில் முனை மழுங்கிய குழாயைக் கையாண்டு, நரம்பும் இரத்தக் குழாயும் அறுபடுவதைக் குறைத்தார். அமெரிக்கத் தோல் வைத்தியர் ஜெஃப்ரி கிளைன் 1985 இல், உப்புநீரில் லிக்னோகெயினும் அட்ரினலினும் கலந்து ஏராளமாக உட்செலுத்தி, அவ்விடத்தை வீங்க வைத்து உறிஞ்சும் முறையைக் கண்டார். இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. இது மெய்யான முன்னேற்றம்; மறுக்க வேண்டியதில்லை. ‘டியூமெசன்ட்’ என்ற பெயரும் நேர்மையானதே. வீங்கவைத்தல் என்பதே அதன் பொருள், காரணப் பெயர்.

அதன் பின் வந்தவற்றிற் பலவற்றைக் கடைக்காரன் கைப்பற்றிக்கொண்டான். ‘வேசர்’ என்பதைக் கேட்பவர் ‘லேசர்’ இனத்தது என்றே எண்ணுவர். எண்ணட்டும் என்றே அப்பெயர் விடப்பட்டிருக்கின்றது போலும்! உண்மையில் அது ஆங்கிலச் சொற்கள் சிலவற்றின் முதலெழுத்துக் கோவை; செவிக்கெட்டாத ஒலியலையாற் கொழுப்பைக் குலைத்துவிட்டு, பிறகு வழக்கம்போற் குழாயால் உறிஞ்சுவது. ‘ஸ்மார்ட்லிப்போ’ உண்மையிலேயே லேசர். அதில் அறிவுக்கூர்மை எங்கே இருக்கின்றதென்று நமக்குத் தெரியவில்லை. இரண்டும் வெப்பம் உண்டாக்குவன. கைதவறினால் தோல் வேகும். ‘360’ என்பது வயிறு, விலா, முதுகு எனச் சுற்றிவர உறிஞ்சுவதையன்றி வேறொன்றையும் குறிப்பதன்று. ‘ஹை டெஃபினிஷன்’ தொலைக்காட்சிப் பெட்டிக்காரனிடம் வாங்கிய சொல். தசை புடைத்ததுபோல் தோன்றுமாறு மேலோட்டமான கொழுப்பைச் செதுக்குதலே அது. ‘அம்மா மேக்ஓவர்’ என்னும் இனிப்புப் பொட்டலத்தை அவிழ்த்தால் உள்ளே இருப்பது, வயிற்றுத் தோலை வெட்டித் தைத்தல், மார்பகச் சத்திரசிகிச்சை, உறிஞ்சல் ஆகிய பலவற்றை ஒரே மயக்கத்தில் முடித்தல். பல சத்திரசிகிச்சைகள் ஒன்றுசேரும்போது ஆபத்தும் சேர்ந்து வளரும். ‘அம்மா’ என்ற சொல்லை எங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள் பாருங்கள்!

கத்தியே இல்லை என்று வரும் ‘கூல்ஸ்கல்ப்டிங்’ உறிஞ்சுவதில்லை, கொழுப்பை உறைய வைக்கின்றது. சிலருக்கு மாறாக அவ்விடத்தில் கொழுப்பு தடித்துப் பெருகும். தமக்கு அவ்வாறு நேர்ந்ததென 2021 இல் வெளிப்படையாகக் கூறியவர் உலகப் புகழ்பெற்ற விளம்பர அழகி லிண்டா எவாஞ்சலிஸ்டா.

பெரிய மயக்கம் இன்னொன்று. ‘நிறை குறைப்பு’ என்றும், சில வேளை நீரிழிவுக்கும் நல்லதென்றும் பேச்சு உலாவுகின்றது. தோலுக்குக் கீழுள்ள கொழுப்பு வேறு. குடலையும் ஈரலையும் சூழ்ந்து நோய் விளைப்பது வேறு. குழாய் பின்னதைத் தொடுவதேயில்லை. 2004 இல் அமெரிக்காவில் உடற்பருமன் மிக்க பெண்கள் பதினைவரிடம் ஏறத்தாழப் பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சியெடுத்து ஆராய்ந்தனர். இன்சுலின் வேலைசெய்யும் திறனில் முன்னேற்றம் காணப்படவில்லை. பிள்ளைப்பேற்றால் விலகித் தளர்ந்த வயிற்றுத் தசையும் கொழுப்பன்று, உறிஞ்சினால் இறுகாது.

‘மதிய இடைவேளை’ என்கிறார்களே, அதையும் பார்ப்போம். உட்செலுத்திய லிக்னோகெயின் இரத்தத்தில் உச்சம் அடைவது பல மணி நேரங் கழித்தே. அதாவது பெண் வீடு திரும்பி, பாயிற் படுத்தபின். அளவு மிஞ்சினால் வலிப்பும் இதயத் தடுமாற்றமும் அப்போதே வரும். நுரையீரற் குழாய்களை இரத்தக் கட்டியோ கொழுப்புத் துகளோ அடைத்தலும், குடல் துளைபடுதலும் இச்சிகிச்சையின் அறியப்பட்ட கேடுகள். 2000 இல் வெளியான அமெரிக்கக் கணிப்பொன்று, ஏறத்தாழ 5,000 சிகிச்சைக்கு ஓர் உயிர் போனதாகக் கூறிற்று. பின்வந்த கணிப்புகளில் இவ்வெண் குறைந்துள்ளது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் 2022 மே மாதம் பெங்களூரிற் கன்னடத் தொலைக்காட்சி நடிகை சேதனா ராஜ், கொழுப்பகற்றும் சத்திரசிகிச்சைக்குச் சென்று உயிரிழந்தார், வயது 21. செய்தித்தாள்கள் அச்சிகிச்சையை எழுதிய பெயர் ‘ஃபாட் ஃப்ரீ’.

வைத்தியத்துக்குக் கலைச்சொல் வேண்டாமா என்று கேட்பார் உண்டு. வேண்டும். ஆயினும் கலைச்சொல் செயலை வரையறுப்பது. விளம்பரச் சொல் செயலை மறைப்பது. வன்னி மக்களுக்குச் சத்திரசிகிச்சை புதிதன்று. ஷெல் துண்டுகளை உடலிற் சுமந்தபடி இன்றும் வயலுக்குப் போவோர் நம்மிடையே பலர். அத்துண்டை எடுப்பதற்கு எவரும் செல்லப் பெயர் சூட்டியதில்லை. ‘துண்டு எடுக்கிறது’ என்றால் எல்லோருக்கும் விளங்கும். 2009 இன் முதல் மாதங்களில், மயக்க மருந்து போதாத நிலையில் இங்கே கைகால்கள் அகற்றப்பட்டன. அன்று சிறு குப்பிகளாகக்கூடத் தட்டுப்பட்ட மருந்தினம், இன்று லீற்றர் கணக்கான உப்புநீரிற் கலந்து வயிற்றுள் இறங்குகின்றது. இது எவர் குற்றமென்று நாம் வழக்காட வரவில்லை. ஆனால் வலியை வலி என்றே அழைத்துப் பழகிய ஒரு சமுதாயத்திடம் ‘செதுக்கல்’ என்றும் ‘பொலிவு’ என்றும் பேசுவோர், கொஞ்சம் கூச்சப்படவாவது வேண்டும்.

போருக்குப் பின் நுண்கடன் வந்ததும் இவ்வாறே: இனிய பெயர், விளங்காத ஒப்பந்தம், வாரந்தோறும் வாசலில் வந்து நின்ற வசூல்காரன். 2018 இல் அரசாங்கமே வறட்சி மாவட்டங்களின் பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று. நகையை அடகு வைத்துச் சென்னைக்கு விமானமேறப் போகும் பெண்ணின் முன்னும் அதே வகைத் தாள்தான் நீட்டப்படும். அவள் ஆங்கிலத்திற் கையொப்பமிடுவாள்.

இந்நாட்டில் 2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவுசெய்யப்படுதல் வேண்டும். அப்பதிவோடு இன்னொரு நிபந்தனையைச் சேர்த்தல் இயலாததன்று. விளம்பரப் பெயர் எந்த எழுத்தளவில் அச்சிடப்படுகின்றதோ, அதே அளவில், தமிழிலும் சிங்களத்திலும், அதன் கீழே எழுதட்டும்: உள்ளே செல்வது என்ன மருந்து, எவ்வளவு, வெளியே எடுப்பது எத்தனை லீற்றர், குழாயைப் பிடிப்பவர் பிளாஸ்திக் சத்திரசிகிச்சை நிபுணரா அல்லரா, நள்ளிரவில் மூச்சுத் திணறினால் நோயாளியை எந்த வைத்தியசாலைக்கு, எவர் கொண்டுசெல்வர். மாங்குளத்திலிருந்தோ ஒட்டுசுட்டானிலிருந்தோ போகும் ஒருத்திக்கு அந்தக் கடைசிக் கேள்விதான் முதற் கேள்வி.